நாற்பத்தொன்றாம் எண் பேட்ஜ்

செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பூபதிக்குப் பழைய கட்சி மாநாட்டு பேட்ஜ் என்றால் உயிர். குண்டூர் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் பாவாயி என்ற கிழவியிடம் ஒன்று கிடைத்தது. ஐம்பது வருஷத்துத் தகரம். முன்னால் தலைவர் முகம், பின்னால் 41 என்று அடித்த எண். ஓர் எண்ணுக்கு ஒரு பேட்ஜ்தான் அந்த மாநாட்டில் போட்டார்கள்.

அடுத்த மாதம் போனபோது பாவாயி இன்னொன்றை நீட்டினாள். அதிலும் 41. ஊசியில் ஈரச் செம்மண். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒரே எண் எப்படி என்று கேட்டால் அடுத்ததைத் தரமாட்டாளோ என்று பூபதி வாயே திறக்கவில்லை.

நாலாவதை வாங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்ட அன்றுதான் மனசு கேட்காமல் கேட்டான்.

"ஏனுங்கம்மா, மொத்தம் எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி. எங்கூட்டுக்காரரைப் பொதைக்கறப்ப சட்டையில குத்தி அனுப்பிச்சது." பாவாயி மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள். "அவரேதான் கொண்டாந்து வாசப்படியில வெச்சுட்டுப் போறாரு. ஆரு இவ்வளவு ஆசையா வாங்கறதுன்னு நேத்துக் கேட்டாரு. உன்ற ஊட்டு அடையாளம் சொல்லியுட்டேன்."

மத்தியானம் பூபதி வீடு திரும்பினான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பேட்ஜ்களை அடுக்கி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் அந்த மூன்று மட்டும் இல்லை. கொல்லைக் கொடியில் காய்ந்த அவனுடைய மூன்று சட்டைகளிலும், இடது மார்பில், ஒவ்வொன்று குத்தியிருந்தது.

நாலாவதைத் தேடி பாக்கெட்டில் கைவிட்டான். காலி.

குனிந்து தன் நெஞ்சைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.