ஊதிக் காட்டிட்டுப் போங்க

"ஏழு பேரும் பேர் போன குடிகாரனுங்க. ஏழு பேர் கையிலயும் பை. தினம் பொழுது சாயுறப்ப எல்லை தாண்டிப் போறானுங்க. சாராயம் கடத்தாம சாமி கும்பிடவா போறானுங்க?"

அம்பலவாணன் கேட்டார். பூவம் எல்லைச் சாவடி ஏட்டு, மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடி கொட்டாவி விட்டார்.

"வரட்டுங்க. நீங்களே பாருங்க."

அந்தக் கொட்டாவி அம்பலவாணனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. காரைக்கால் தெருவில் கொடி பிடித்து, தடியடி வாங்கி, நான்கு மாதம் சிறையில் கிடந்தவர் அவர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் திறந்து வைத்த சாராயக்கடை மட்டும் ஒன்றுகூட மூடவில்லை. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. இந்தப் பக்கம் மூலைக்கு மூலை கடை. இதற்கா ரத்தம் சிந்தினோம்?

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு கட்டி, தடியடி பட்ட நெஞ்சுக்கு மாலைதோறும் எடுக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு, ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார்.

வந்தார்கள். முன்னால் திருவேட்டக்குடி முத்தையன்; கட்டுமரத்தையே குடித்துத் தீர்த்தவன். பக்கத்தில் ஹமீது, பினாங்கில் இருந்த கடையைக் குடியால் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"நில்லுங்கடா. பையைக் கொட்டுங்க."

"எதுக்குங்கய்யா?" என்றான் முத்தையன்.

"கொட்டுன்னா கொட்டு. ஊரை நாறடிக்கத்தான் உங்களுக்குச் சுதந்திரம் வாங்கிக் குடுத்தமா?"

ஹமீதின் பையில் ஒரு பாட்டில் இருந்தது. அம்பலவாணன் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார்.

சுக்குக் காப்பி. மற்ற பைகளில் பொரிகடலை, ஒரு ஓலைப்பாய், தாயக்கட்டை.

"அப்ப அங்க எதுக்குப் போறீங்க?"

"சாராயக்கடை இல்லாத ஊரு பக்கத்துல அது ஒண்ணுதாங்க," என்றான் முத்தையன். "ஆறு மணியானா காலு தானா கடைக்கு இழுக்குது. வீட்ல கட்டிப் போட்டாலும் அவுத்துக்கிட்டு ஓடிடறோம். அதான் எல்லை தாண்டிப் புளியமரத்தடியில உக்காந்துடுறது. இங்க கடை அடைச்சப்புறந்தான் திரும்புவோம்."

"உக்காந்து?"

"பேசுவோம்," என்றார் ஹமீது. "நேத்து யாருக்கு எப்ப நாக்கு ஊறிச்சு, எப்படித் தப்பிச்சோம்னு ஒவ்வொருத்தரா சொல்லுவோம். வேற எங்க சொன்னாலும் சிரிப்பாங்க. அங்க யாரும் சிரிக்கிறதில்ல. மொதல்ல நானும் முத்தையனும்தான். காதோட காதா கேள்விப்பட்டு இவங்கள்லாம் வந்து சேர்ந்தாங்க."

"அந்தப் பக்கம் திருட்டுத்தனமாக் காய்ச்சுறவன் இல்லையா? அங்க போய்க் குடிக்க மாட்டீங்கன்னு எவன் நம்புவான்?"

"ஏழு பேர் உக்காந்திருக்கப்ப எப்படிங்க எந்திரிச்சுப் போறது?" என்றான் முத்தையன். "ஒண்ணுக்குப் போனாலே ரெண்டு பேர் தொணைக்கு வர்றாங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்பலவாணன் சிரிக்கவில்லை.

"ஏட்டு, இவனுங்களை இனிமே விடக் கூடாது. விட்டா மேலதிகாரிக்கு எழுதுவேன். பத்திரிகைக்கும் எழுதுவேன்."

முத்தையனின் சிரிப்பு நின்றது. "அய்யா, இன்னையோட நாப்பத்தோரு நாள். இந்த வழியை அடைச்சீங்கன்னா எனக்கு மிச்சம் இருக்கறது கடைக்குப் போற வழிதான்."

"எழுதுறதுன்னா எழுதிக்குங்க," என்றார் ஏட்டு. "தினம் எங்கிட்ட ஊதிக் காட்டிட்டுத்தான் போறாங்க. வாங்கப்பா."

ஏழு பேரும் ஒவ்வொருவராக மூங்கிலுக்குக் குனிந்து போய், ஏட்டின் மூக்கருகே ஊதினார்கள். ஊதியவன் ஒவ்வொருவனும் பரீட்சையில் தேறியவன் மாதிரி நிமிர்ந்து நடந்தான்.

"அந்தப் புளியமரத்தை நானே பாக்குறேன்." அம்பலவாணனும் மூங்கிலுக்குக் குனிந்து அந்தப் பக்கம் போனார்.

ஏட்டின் கை குறுக்கே நீண்டது. "நீங்களும் ஊதணுங்க."

"நானா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அங்கேருந்து யார் வந்தாலும் ஊதணும். ஏலக்காயைத் துப்பிட்டு ஊதுங்க."

ஊதினார். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"மருந்து. நெஞ்சுவலிக்கு. பிராந்திதான், ரெண்டே அவுன்ஸ்."

"அடி எப்பங்க பட்டது?"

"அம்பத்துமூணுல."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ உறைத்தது. மூன்று வருஷம். வலி எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"நீங்க இப்ப நிக்கறது சென்னை ராஜ்யங்க. கேஸ் எழுதியாகணும்." ஏட்டு நோட்டைப் பிரித்தார்.

நாலு எட்டு போயிருந்த முத்தையன் திரும்பி வந்தான். அம்பலவாணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எழுதாதீங்க ஏட்டய்யா. இவரும் எங்க ஆளுதாங்க. இன்னைக்குத்தான் மொத நாளு."