கறுத்த முட்டைகள்

மூத்தவள் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறியபோது, அவளுடைய கரும்புக்குள் இளையவள் குனிந்து நின்றிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் இருவரும். நிலம் பிரித்தபோது இந்த வரப்பை எங்கே போடுவது என்று வந்த சண்டையில் பேச்சும் நின்றுபோனது. எட்டு மாதம். முதலில் வாயைத் திறப்பவள் தோற்றவள் என்று இரண்டு பேருக்கும் வீம்பு. அந்தக் குடும்பத்தில் வீம்புக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

இந்த வருஷம் கரும்பில் குருத்துப் புழு. காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் நாற்றத்தோடு கையில் வந்துவிடும்.

மருந்தடித்தே ஆகவேண்டும் என்று மூத்தவளின் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். இளையவளோ குளவி பொரியும் அட்டைகளை வாங்கிவந்து, தன் வயலில் தோகைக்கு அடியில் குத்தி வைத்தாள். கடுகில் கால்வாசிகூட இல்லாத குளவி அது. புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாள் என்று ஊரே சிரித்தது.

குளவிக்கு வரப்பு தெரியாது. பக்கத்து வயலில் மருந்து விழுந்தால் குளவி அத்தனையும் போச்சு. அதோடு அவள் கரும்பும் போச்சு.

அப்படியே நழுவியிருக்கலாம். இளையவள் நழுவவில்லை. ஒரு தோகையைக் கிள்ளிக்கொண்டு நேரே வரப்புக்கு வந்தாள்.

"அக்கா, இந்த முட்டையப் பாருங்க. வெள்ளையா இருந்தா புழு வரும். இப்படி முழுசா கறுத்துட்டா உள்ள இருக்கறது குளவி. இது உங்க வயல்ல கிள்ளினது."

மூத்தவள் தோகையை வாங்கினாள். வெயிலுக்கு நேராகப் பிடித்து அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு வாரைக் கழற்றி டேங்கை வரப்பில் இறக்கினாள்.

"அவர் வந்து கேட்டா, காத்து பலமா அடிக்குது, மருந்து நிக்காதுன்னு சொல்லு. மூணு வாரமா நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

இளையவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

வயலில் ஒரு தோகைகூட அசையவில்லை.