பனிக்குள் தெரிந்த முகம்

திரைச்சீலையின் இடுக்கில் நுழைந்த பிற்பகல் வெயில் டிவியின் ஓரத்தில் விழுகிறது. பல் டாக்டரான அக்கா எழுந்து அதை இழுத்து மூடுகிறாள். பஸ் ஓட்டும் தம்பி, வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த புது டிவிடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போடுகிறான். டிவிடி பிளேயருக்குள் அது விர்ரென்று சுழல்கிறது. பழைய டிவிடியில் இந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படத்தின் கடைசிக் காட்சி வந்தாலே, கொட்டும் பனி சதுரம் சதுரமாக உடைந்து, ரயிலில் போகிற பெண்ணின் முகத்தையும் கட்டம் கட்டமாக்கிவிடும். அவள் சிரிக்கிறாள் என்று அக்காவும், அழுகிறாள் என்று தம்பியும் பன்னிரண்டு வருஷமாகச் சண்டை. இப்போது ரயில் நகர்கிறது, பனி கொட்டுகிறது. ஒரு சதுரம்கூட இல்லை; பஞ்சுப் பிசிறுகள்போல் பனி தனித்தனியாக இறங்குகிறது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னே அவள் உதடு பிரிகிறது. அக்கா சோபாவில் துள்ளி முழங்காலிடுகிறாள். “பல்லு தெரியுதுடா! மேல்வரிசை முழுசாத் தெரியுது! சிரிக்கிறாடா!” தம்பி வாயெல்லாம் பல்லாக ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுகிறான். “தோத்தவன் மூஞ்சியாடா இது?” என்கிறாள் அக்கா. “போக்கா! இத்தனை வருஷமா அவ அழுதுக்கிட்டே போறாள்னுதானே நெனச்சிட்டிருந்தேன்.”