ஒற்றை நரைமுடி

கறுப்புவெள்ளைக் காலத்து உளவாளிப் படங்கள்தான் உசத்தி என்பார் தணிகாசலம். இப்போது வருகிறவற்றின் முன்னால் அதெல்லாம் குழந்தை விளையாட்டு என்பேன் நான். டீக்கடை பெஞ்சில் பதினோரு வருடமாக இதே சண்டை.

"அந்தக் காலத்து உளவாளி, கதவையும் நிலையையும் சேர்த்து சோத்துப் பருக்கையால ஒரு முடியை ஒட்டிவைப்பான். அறுந்திருந்தா ஆள் வந்திருக்கான்னு அர்த்தம். ஒத்த முடி போதும்யா!"

"அதுக்குத்தான் இப்ப கேமரா இருக்கேண்ணே."

அவருக்குக் கால் முறிந்து மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்கப் போனேன். கீழ்வீட்டில் இருந்த மகன், "மேலதான் இருக்காரு, போங்க. தினமும் உள்ள போய் உக்காந்து பேசிட்டுதான் வர்றோம்" என்றான். மாடியறை ஜன்னலில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு ஆறிக் கிடந்தது. சாத்தியிருந்த கதவைத் தள்ளினேன். உள்பக்க நிலையில் அறுந்த நரைமுடி ஒன்று ஆடியது.

ஜன்னலோரக் கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு கிடந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்.

"அறுந்துடுச்சாய்யா?"

"எப்பண்ணே ஒட்டுனீங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு, நொண்டிக்கிட்டே போய். ரெண்டு வாரமாச்சு."

கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"ஒத்துக்கறேண்ணே. பழைய படந்தான் உசத்தி."

பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஜெயித்தவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.