பசி மயக்கம்

"நெஞ்சு மேல அம்மிய வெச்சாப்புல இருக்குது," என்றார் தணிகாசலம், பக்கத்தில் இருந்த மனைவிக்கு மட்டும் கேட்கும்படி.

புத்தூர் கடைத்தெருவில் உண்ணாவிரதப் பந்தல். ஆந்திராவோடு போன சித்தூர் ஜில்லாவின் தமிழ் ஊர்களை மதராஸோடு சேர்க்கும்வரை பச்சைத்தண்ணீர்தான் என்று உட்கார்ந்திருந்தார். நிழலிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கை கடுத்தது. வலி தாடை வரைக்கும் ஏறியது.

தாட்சாயணி பயந்துபோய், கமிட்டிச் செயலாளர் ஜெயச்சந்திரனை டாக்டர் ரங்கையாவிடம் அனுப்பினாள்.

"தெலுங்கு டாக்டரா? விரதத்தைக் கலைக்க வேற ஆளே வாணாம்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பொம்பளைக்குப் புருசன்தானே பெரிசு. ஊரு எக்கேடு கெட்டா என்னா?"

சிரித்தார்கள்.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். தாட்சாயணியைத் தனியாக அழைக்க இடமில்லை. எல்லார் எதிரிலும் கேட்டார்.

"பட்டினில வர்ற வேர்வைன்னா சக்கரைத்தண்ணி போதும். வயித்துல ஆகாரம் இருந்தும் இப்படி வேர்த்தா நெஞ்சுக்கோளாறு. இப்பவே வேலூருக்குக் கொண்டு போகணும். நிஜம் சொல்லும்மா. காலைல ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

விடியற்காலையில், குளிக்கிற சாக்கில் கிணற்றடியில் அவர் இட்லி தின்றதும், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையா என்று எரிந்து விழுந்ததும் அவளுக்குத் தெரியும்.

கணவனைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"பச்சத்தண்ணிதாங்க," என்றாள்.

கூட்டம் கைதட்டியது.

சர்க்கரைத்தண்ணீரையும் தணிகாசலம் கையால் ஒதுக்கினார். அதற்கு இன்னும் பலமான கைதட்டல். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் பிணம் எடுக்குமுன் ஜெயச்சந்திரன் பேசினான். மண்ணுக்காகப் பசித்தே செத்த மாமனிதர் என்றான். ஜனம் அழுதது.

பேசி முடித்து வந்தவனைத் தாட்சாயணி வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

"ஜெயச்சந்திரா, அவரு துன்னுட்டுத்தான் உட்கார்ந்தாரு. டாக்டரு கேட்டப்ப நான் வாயத் திறந்திருந்தா பொழைச்சிருப்பாரு. நான்தான்டா கொன்னுட்டேன்."

அவன் கதவைச் சாத்தினான்.

"மெதுவா பேசுங்க அண்ணி. எனக்குத் தெரியும். கிணத்தடிப் பக்கம் யாரும் வராம பாத்துக்கினதே நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. வர்ற வழியிலயே டாக்டர் என்னையும் கேட்டாரு. நானும் பச்சத்தண்ணின்னுதான் சொன்னேன்."