கோணல் கை

"பச்சப்புள்ள கையில கம்பியச் செருகுறதா? தூக்குங்க புள்ளய, போவோம்" என்றாள் சாலிஹா.

சீனி முகம்மது அசையவில்லை. பாம்பன் துறையில் மூட்டை சுமக்கிறவன். கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள் என்று, தனுஷ்கோடியிலிருந்து வந்த ரயிலைப் பிடித்து மகளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். கரையேற்றி வைத்த வத்தைப் படகிலிருந்து குதித்து விளையாடி விழுந்திருந்தாள் மஜீதா. ஏழு வயது. முழங்கை பனங்காய் போல வீங்கிக் கிடக்க, அழுது ஓய்ந்து பெஞ்சில் படுத்திருந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார். மூட்டுக்கு மேலே எலும்பு ஒடிந்து திரும்பிக் கிடக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, திறந்து நேராக்கி, கம்பி வைத்துப் பிடிக்க வேண்டும். எலும்பு கூடியதும் கம்பியை உருவிவிடலாம். இப்படியே விட்டால் கை கோணிவிடும். ரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும்.

சாலிஹா பாதியிலேயே கேட்பதை விட்டிருந்தாள். டாக்டர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கை கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய இடது முழங்கை வெளியே துருத்தி, முன்கை உடம்புப் பக்கமாக வளைந்து நின்றது.

புருசன் காதருகே குனிந்தாள்.

"தன் கையவே நிமித்த ஏலாத மனுசன். இவரா நம்ம புள்ள கைய நிமித்தப் போறாரு? கோணக்கைக்காரிய நாளைக்கி எவன் கட்டிக்கிட்டுப் போவான்?"

சீனி முகம்மதுவும் பார்த்தான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டான்.

வாசலில் டாக்டர் மறித்து, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்.

சாலிஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். திரும்புகிற ரயிலில் உச்சிப்புளியில் இறங்கினால் குருநாத வைத்தியர் வீடு. பாய்மரத்திலிருந்து விழுந்தவன், மாடு முட்டித் தள்ளியவன் எல்லாருக்கும் அவர்தான். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை, அவ்வளவுதான் வைத்தியம். கத்தி கிடையாது, கம்பி கிடையாது. காசுகூட வாங்க மாட்டார். ஒரு கவுளி வெற்றிலை போதும்.

"ஊருல போயி விசாரிச்சுப் பாருங்க டாக்டரய்யா, அவரு கட்டுன கை ஒண்ணாச்சும் கோணிருக்கான்னு."

டாக்டர் மஜீதாவின் விரல்களைத் தொட்டார். சில்லிட்டிருந்தன. பிறகு தன் இடது கையைச் சாலிஹாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அதுக்கு எதுக்கும்மா அம்புட்டுத் தூரம் போகணும்? எட்டு வயசுல இந்தக் கையக் கட்டினது அவருதான். பெத்த மகனாச்சேன்னு, ரெண்டு பத்தை கூடவே வச்சுக் கட்டினாரு எங்க அய்யா."