பதினாலாம் இலக்கக் கையெழுத்து

விவேகானந்தன் மாஸ்டரின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் படிவத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

“இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதாங்க?” என்றாள் என் மனைவி ஐரின்.

“ஒன்பது வருஷம் பொறுத்தாச்சு. அந்த ஆள் இருக்கிற வரைக்கும் நடக்காதுன்னுதானே கிடந்தோம்?”

அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் குழாய் இல்லை. கீழே பொதுக் குழாய்க்கு அறுபத்திரண்டு படி. இனிமேல் வாளி தூக்கக் கூடாது என்று கண்டி ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார்.

குழாய் எடுக்க ரோட்டை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு மாநகர சபையின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, சந்தில் உள்ள மற்ற ஆறு வீட்டுக்காரரும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பதினாலாம் இலக்கம் மாஸ்டர் வீடு. என் வாசலில் நான் கட்டிய சீமெந்துப் படி ஓரடி ரோட்டுக்கு வந்துவிட்டது என்று சபைக்கு எழுதிப் போட்டவர் அவர்தான். ஆட்கள் வந்து உடைத்தார்கள். “றோட்டு எல்லாருக்கும் பொது, டக்ளஸ். உமக்கு மட்டுமில்லை” என்று கேட்டுக்குள் நின்றபடியே சொன்னார்.

அன்றைக்கும் என் கையில் ஒரு குழாய்ப் படிவம் இருந்தது. ஐந்து வீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஆறாவதுக்கு இவரிடம் போய் நிற்பதா? படிவத்தைக் கசக்கி அவர் கேட்டுக்குள் எறிந்துவிட்டு வந்தேன்.

பிறகு இரண்டு மூன்று தரம் “டக்ளஸ்” என்று கூப்பிட்டார். காது கேட்காதவன் மாதிரிப் போனேன். ஐரினையும் பேச விடவில்லை. சாவு வீட்டுக்கும் போகவில்லை.

இப்போது ஒன்பது மணிக்குள் ஐந்து கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கடைசியாகப் போட்டவன் மாஸ்டரின் பக்கத்து வீட்டு நளீர். த்ரீவீல் ஓட்டுகிறவன்.

“பதினாலுக்கு என்ன செய்யப் போறீங்க, டக்ளஸண்ணே?”

“பூட்டின வீடு. யாரு கேக்கப் போறா?”

“பூட்டின வீடுதான்.” நளீர் குரலைத் தாழ்த்தினான். “ஆனா விடிய ஆறு மணிக்கு உள்ளுக்குக் குழாய் ஓடுற சத்தம் கேக்குது. மாஸ்டர் முகம் கழுவுற நேரம்.”

“செத்தும் எனக்குத் தண்ணி காட்டுறாரா?” என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஹந்தானை மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பதினாலாம் இலக்கத்தைத் தாண்டும்போது ஒரு காற்று. படிவம் என் கையிலிருந்து கிளம்பி, கேட்டுக் கம்பிக்குள்ளால் நுழைந்து, விறாந்தையில் போய் விழுந்தது.

கேட்டில் சங்கிலி. எட்டிப் பார்த்தேன்.

மாஸ்டரின் சாய்மனைக் கதிரை அங்கேயே இருந்தது. துணியில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. காற்று நின்றுவிட்டது. ஆனாலும் படிவம் மெல்ல நகர்ந்தது. யாரோ காலால் இழுத்ததுபோலக் கதிரைக்கு அடியில் போய் நின்றது.

“விட்டுடுங்கண்ணே. புதுசு ஒண்ணு வாங்குங்க” என்ற நளீர், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

குட்செட் பஸ் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சபைக்கு நடந்தேன். கவுண்டரில் பர்ஹானா என்ற பிள்ளை இருந்தாள். முன்பு இரண்டு தரம் பார்த்துப் பழக்கம்.

“இன்னொரு படிவம் வேணும், மகள்.”

விலாசத்தைக் கேட்டுக் கம்பியூட்டரில் தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“எதுக்கு அங்கிள்? உங்கட ஆறு கையெழுத்தும் இங்க இருக்கே.”

“ஆறா? நான் அஞ்சுதான் வாங்கினேன். அதையும் இன்னும் கொண்டு வந்து குடுக்கலியே.”

“பதினாலாம் இலக்கமும் இருக்கு. விவேகானந்தன்.”

இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால்தானே அந்தக் கதிரைக்கு அடியில்...

“யாரு கொண்டு வந்து குடுத்தது?”

“அவர்தான். நேரில் ஒப்படைத்தவர்னு அவர் பேர்தான் போட்டிருக்கு.”

“மகள், அந்த ஆள் செத்து ஒரு மாசமாகுது.”

பர்ஹானா தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஓரடி பின்வாங்கினார். அவள் எழுந்து, பதிவறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தூசி படிந்த ஒரு கோப்பு.

உள்ளே இருந்த தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. தாள் முழுக்கக் கசங்கிய கோடுகள். ஆனால் தட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புக் கறை.

மங்கிய ஐந்து கையெழுத்துக்குக் கீழே ஆறாவது. சின்னதாக, நேராக. பக்கத்தில் திகதி. நான் அதை எறிந்ததற்கு மறுநாள்.

“இதுக்கு அனுமதி அப்பவே குடுத்தாச்சே, அங்கிள்!” பர்ஹானா அடுத்த தாளைப் புரட்டினாள். “வந்து எடுங்கன்னு மூணு கடிதமும் போட்டிருக்காங்க. ஏன் வரல்ல?”

சபை முத்திரையோடு மூன்று கடிதம் வந்தது உண்மை. இன்னும் எதை உடைக்கப் போகிறார்களோ என்று, பிரிக்காமலே அடுப்பில் போட்டேன்.

அந்த அடுப்பில் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது, ஐரின் அறுபத்திரண்டு படி ஏறிச் சுமந்து வந்த தண்ணீர்.